பழைய காரை யாரிடம் விற்பது? – வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2016 ஆகஸ்டில் வாங்கிய மாருதி வேகன்-ஆர் பெட்ரோல் கார் இருக்கிறது. டிஎன் 03 பதிவு. நானே முதல் உரிமையாளர். இதுவரை 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் பில்கள் அனைத்தும் கைவசம் உள்ளன. மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு வண்டியை வெளியில் எடுப்பதே அரிதாகிவிட்டது. மகனும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் விற்றுவிடத் தீர்மானித்தோம். இணையவழியில் கார் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு 2,62,000 ரூபாய் சொல்கிறது. மூலக்கடைப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை வைத்திருப்பவர் 2,75,000 தருகிறாராம். படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், வண்டி விற்கும்போது வாங்குபவர் பெயருக்கு அவரே மாற்றிக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒருவர் 3,15,000 தருகிறேன் என்கிறார். ஆனால் பாதியை இப்போதும் மீதியை ஆறு மாதத் தவணையிலும் தருவாராம். இவற்றில் எதை ஏற்பது? சென்ற ஆண்டு நடுவில் என் மைத்துனர் இதே வயதுள்ள இதே மாடலை 3,40,000 ரூபாய்க்கு விற்றாரே, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மைத்துனர் விற்ற காலம் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கான வரி, கூடுதல் தீர்வையும் சேர்த்து 29 விழுக்காடாக இருந்தது, 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புதிய வண்டியின் விலை இறங்கும்போது பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கும். ஆகவே 3,40,000 என்ற எண்ணை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாக அச்சிட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையையும் விலையாகக் கொள்ள வேண்டாம். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு அது உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைதானே தவிர, வாங்க வருபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

இனி, உங்களுக்கு வந்திருக்கும் மூன்று விலைகளைப் பார்ப்போம். இவற்றை அருகருகே எழுதி வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் மூவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை. விலை சொல்பவரிடம் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும் தேதி எது, ஆர்.சி.யிலிருந்து உங்கள் பெயர் நீங்கும் தேதி எது. இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் தருபவரின் விலைதான் விலை. மற்றவர்கள் சொல்வது வாய்ச்சொல் மட்டுமே.

இரண்டாவது தேதியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்று கொள்கிறது. சாவி யார் கையில் இருக்கிறது, பணம் யார் கொடுத்தார் என்பது அதற்குப் பொருட்டல்ல. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், உரிமையாளர் 2007இலேயே காரை விற்றிருந்தார். அது மேலும் சில கைகள் மாறியது. 2009இல் விபத்து நடந்தது. இடையில் ஒருவரும் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் இருந்த பெயர் முதலில் விற்றவருடையது என்பதால், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை விற்றுக் காசையும் செலவழித்துவிட்டு நிம்மதியாக இருந்தவரின் வீட்டுக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூலக்கடைக் கடைக்காரர் சொல்லும் ஏற்பாடு இந்தக் குழியில்தான் கொண்டு போய் விடும். பேச்சு வழக்கில் இதை 'ஓபன் ஃபார்ம்' என்பார்கள். படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது), படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்) ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்து இருக்கும். வாங்குபவரின் பெயரும் தேதியும் வெற்றிடமாக இருக்கும். கடைக்காரர் தம் பெயருக்கு ஒரு முறையும் அடுத்தவர் பெயருக்கு ஒரு முறையும் மாற்றினால் செலவு இரட்டிப்பாகும், ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும் என்பதால் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. அவருக்கு இது வசதி; உங்களுக்கோ, வண்டி விற்கும் வரை – அது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், எட்டு மாதமாகவும் இருக்கலாம் – ஊர் பேர் தெரியாதவர்கள் ஓட்டிப் பார்க்கும் வண்டியின் சட்டப்படியான உரிமையாளர் என்ற பட்டம் மட்டும் மிஞ்சும்.

இதற்கு ஒரு வழி இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்ட விற்பனையாளரிடம் நீங்கள் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக இணையத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். அந்த நாள் முதல் வண்டி விற்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆர்.சி.யில் கூடுதல் உரிமையாளராக அவர் பெயர் ஏறாது என்பதால் அவருக்கும் நட்டமில்லை. எனவே கடைக்காரரிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை, "அங்கீகாரச் சான்று இருக்கிறதா? 29சி போட்டுத் தருகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் 2,75,000 என்பது நல்ல விலை, அதற்கு மேலும் ஐயாயிரம் பேசிப் பார்க்கலாம். "அதெல்லாம் எதுக்கு சார், இருபது வருஷமா இப்படித்தான் செய்யுறோம்" என்ற பதில் வந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இணையவழி நிறுவனத்தின் வேலை முறையைத் தெரிந்துகொண்டால் அவர்களுடைய விலையின் பொருள் விளங்கும். அவர்களில் சிலர் வண்டியைத் தாமே வாங்கிச் சீர்செய்து விற்பவர்கள்; வேறு சிலர், ஆய்வாளர் எடுத்த படங்களையும் குறிப்புகளையும் வைத்து வியாபாரிகளிடையே ஏலம் விட்டு, கிடைத்த உச்ச விலையில் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குச் சொல்பவர்கள். செல்பேசித் திரையில் முதலில் தெரிந்த தொகை ஆய்வுக்குப் பிறகு குறைவது அநேகமாக எல்லாருக்கும் நேர்கிறது. அதனால் மனம் கசக்கத் தேவையில்லை. வண்டியைப் பார்க்காமல் சொன்ன விலைக்கு அவ்வளவுதான் மதிப்பு. பணம் விரைவில் வரும், பெயர் மாற்றத்தை அவர்களே பின்தொடர்வார்கள் என்பது நிறை. கையெழுத்திடுமுன் இரண்டைப் படித்துப் பாருங்கள்: சேவைக் கட்டணம் என்று ஏதேனும் பிடித்தம் உண்டா, பெயர் மாறும் வரை நேரும் விபத்துக்கும் அபராதத்துக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கிறதா. இவர்களும் கன்சல்டிங் கடைக்காரர்களும் தெருக்காரரைவிடக் குறைத்துக் கேட்பதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது பதிவு பெற்ற வியாபாரி 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், டயர், பேட்டரி, பாலிஷ், இடவாடகை, முதலுக்கு வட்டி எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்க வேண்டும். தனி மனிதர் தனி மனிதருக்கு விற்கும்போது இந்த வரி கிடையாது.

அந்த வகையில் உங்கள் தெருக்காரர்தான் உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வாடிக்கையாளர். வண்டியை ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தவர். மழைநீரில் நின்றதா, யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கெட்டது தவணை மட்டுமே. ஆறு மாதம் பணம் நிலுவையில் இருக்கும்போது பெயரை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பிடி போய்விடும். மாற்றாமல் வைத்திருந்தால் மேலே சொன்ன பொறுப்பு முழுதும் உங்கள் தலையில். இரண்டுக்கும் நடுவே நல்ல வழி கிடையாது. மூன்றாம் தவணையில் பேச்சுவார்த்தை நின்று, பிறகு தினமும் ஒரே தெருவில் முகம் பார்க்க வேண்டியிருக்கும் சங்கடமும் சேரும். எனவே விலையைக் குறைத்து முறையை மாற்றுங்கள்: முழுப் பணமும் ஒரே நாளில் தருவதானால் 2,95,000. பழைய கார் கடன் என்று வங்கியில் கேட்டால், பத்து வயதை எட்டிய வண்டிக்கு எல்லா வங்கியும் தருவதில்லை. ஆனால் அவர் பணிபுரியும் இடத்தின் கூட்டுறவுக் கடன் சங்கமோ, வீட்டிலிருக்கும் நகையோ கைகொடுக்கக்கூடும். கடனை அவர் அங்கே கட்டட்டும், உங்களுக்கு வர வேண்டியது முழுதாக வரட்டும். தவணையில் வரும் 3,15,000 ரூபாயைவிட ஒரே நாளில் வரும் 2,95,000 ரூபாய் உங்களுக்கு மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருக்கும் இருபதாயிரம் மிச்சம் என்பதால் ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம்.

அவர் பின்வாங்கினால், 3,15,000 என்று விலை போட்டு இணையத்தில் விளம்பரம் கொடுத்து ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். உங்களுக்கு அவசரம் இல்லை என்பது பெரிய பலம். ஆனால் பருவம் பார்க்க வேண்டும். ஆடியில் வண்டி வாங்க நம்மவர்கள் தயங்குவார்கள்; ஆவணி பிறந்ததிலிருந்து ஆயுத பூஜை வரைக்கும் கேட்பவர்கள் கூடுவார்கள். அதன் பின் மழைக்காலம். டிசம்பரில் வடசென்னை வண்டி என்றாலே "தண்ணீர் ஏறியதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஜனவரி பிறந்துவிட்டால் வண்டிக்கு ஒரு வயது கூடியதாகப் பேசி விலையைக் குறைப்பார்கள். பொங்கலுக்குப் பின் மறுபடியும் சந்தை விழிக்கும் என்றாலும் அந்த ஒரு வயதுக் கணக்கை மாற்ற முடியாது.

விற்குமுன் வண்டிக்கு என்ன செலவு செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். நன்றாகக் கழுவி உள்ளே சுத்தம் செய்யுங்கள், நின்றே கிடந்த பேட்டரி பலவீனமாக இருந்தால் மாற்றுங்கள், எலி கடித்த ஒயர் இருந்தால் சரி செய்யுங்கள். அத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரி உரசிய கோடு ஒன்றிரண்டு இல்லாத வண்டி எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஏது? அதை மறைக்கப் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தால், ஆய்வாளர் கையில் வைத்திருக்கும் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி அந்தக் கதவில் மட்டும் வேறு எண்ணைக் காட்டும். ஒரு சிறு கீறலுக்குக் குறைந்திருக்க வேண்டிய விலை, ஒரு பெரிய விபத்தின் சந்தேகத்துக்காகக் குறைந்து போகும். கதவின் ரப்பரை இழுத்து உள்ளே வெல்டிங் புள்ளிகளைப் பார்ப்பார்கள். பானெட் கீல்களின் போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிப்பார்கள் – 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். கடற்கரையை ஒட்டி நின்ற வண்டி என்பதால் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, சைலன்சர், சக்கரத்தின் உட்பக்க இரும்பு ஆகிய இடங்களில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் தேடுவார்கள். இவற்றை நீங்களே முன்கூட்டிப் பார்த்து வைத்திருந்தால், பேரத்தின்போது திடுக்கிட வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் உங்கள் வண்டியின் பதிவோடு இணைந்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். பத்தாண்டுக்கு முன் ஷோரூம்காரரே ஓர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்திருப்பது சாதாரணம். பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும் என்பதால், வாங்குபவர் பணத்தோடு வந்து நிற்கும் நாளில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. போக்குவரத்து அபராதம் நிலுவையில் இருந்தாலும் விண்ணப்பம் தடைபடலாம், கட்டி முடித்துவிடுங்கள். கார் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் கொடுத்து நீக்க வேண்டும். பேச்சு வழக்கில் 'ஹெச்.பி. கேன்சல்' என்பது இதுதான்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில், தெருக்காரர் என்றாலும் தெரியாதவர் என்றாலும் வரிசை ஒன்றே: பணம், கையெழுத்து, சாவி. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பணத்தைப் பெற்றுக்கொண்ட உங்களுக்குத்தான். யு.பி.ஐ.யில் ஒரு நாளுக்குப் பொதுவாக ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும் என்பதால், வங்கியிலிருந்து வங்கிக்குப் பெரிய தொகை அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அது இயங்கும். அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் கணக்கின் இருப்பைப் பார்த்த பிறகே எழுந்திருங்கள். விளம்பரத்தைப் பார்த்து, வண்டியை நேரில் காணாமலேயே முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம்.

பிறகு டெலிவரி நோட். கடைகளில் அச்சிட்டு விற்பதையே பயன்படுத்தலாம், அல்லது வெள்ளைத்தாளில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: "மேற்கண்ட வாகனத்தை, அசல் ஆர்.சி., இரண்டு சாவிகள், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுடன், ஓடோமீட்டர் 58,214 கிலோமீட்டர் காட்டும் நிலையில், இன்று மாலை 4.10 மணிக்குப் பெற்றுக்கொண்டேன். இந்த நேரத்திலிருந்து இவ்வாகனத்தால் நேரும் விபத்து, அபராதம், வழக்கு அனைத்துக்கும் நானே பொறுப்பு." மணியைக் குறிப்பிடுவது முக்கியம், அன்று காலை சிக்னல் மீறியது யார் என்ற கேள்வி பின்னால் எழக்கூடும். ஆனால் இந்தத் தாள் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையிலான சாட்சி மட்டுமே, விபத்தில் அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அதே நாளில் படிவம் 29ஐயும் 30ஐயும் எல்லா இடங்களும் நிரப்பப்பட்ட நிலையில் கையெழுத்திட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் செய்யட்டும் என்று காத்திராமல் படிவம் 29இன் ஒரு பிரதியை, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் நீங்களே அனுப்பிவிடுங்கள். காருக்கான பெயர் மாற்றக் கட்டணம் மத்திய விதிகளின்படி 300 ரூபாய்தான், அதனுடன் சேவைக் கட்டணம் சேரும். மீதியெல்லாம் இடையில் நிற்பவர்களின் கூலி. மாதத்துக்கு ஒரு முறை பரிவாகனில் எண்ணைத் தட்டிப் பார்த்து, உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் மாறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாறும் வரை வாங்கியவரின் ஆதார் நகலையும் டெலிவரி நோட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் இருக்கும் காரை விற்க வேண்டும். "பழைய தேதி போட்டு அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது" என்கிறார் வாங்க வந்தவர். அம்மாவும் தம்பியும் நானும் வாரிசுகள். எளிய வழி எது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அவர் சொன்னது எளிய வழி அன்று, கள்ளக் கையெழுத்து. இறந்தவர் பெயரில் தேதியை முன்னால் போட்டு எழுதுவது வெளிப்பட இறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும். மாட்டிக்கொள்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

முதலில் வண்டி உங்கள் மூவரில் ஒருவர் பெயருக்கு வர வேண்டும். அதற்கென்று படிவம் 31 இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வங்கி, வீடு என்று பிற காரியங்களுக்கும் அது தேவைப்படும் என்பதால் எப்படியும் எடுக்க வேண்டியதுதான். இறப்பை 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எட்டு மாதம் கடந்துவிட்டதால் தாமதத்துக்கான தொகை கட்ட வேண்டியிருக்கலாம். அதற்காகத் தயங்க வேண்டாம். அம்மா பெயருக்கு மாற்றி அவரே விற்பது, பிற்பாடு தம்பிக்கும் உங்களுக்கும் இடையே கணக்குப் பேச்சு வராமல் இருக்கவும் உதவும். அதுவரை அப்பா பெயரிலுள்ள இன்ஷூரன்ஸை நம்பி வண்டியை ஓட்டாதீர்கள், வாங்க வருபவர்களுக்கும் ஓட்டிப் பார்க்கக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம் முடியும் முன் முன்பணம் வாங்கிக்கொள்வதும் வேண்டாம். அது உங்களை அவசரப்படுத்தும்.

வண்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல்: 2021 முதல் ஆர்.சி.யிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்க முடியும். பத்து நிமிட வேலை, பெரும்பாலோர் செய்வதில்லை.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது என் காரின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. இன்ஷூரன்ஸில் முழுதாகச் சரி செய்து, இன்றுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. விற்கும்போது இதைச் சொல்லத்தான் வேண்டுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: சொல்லுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மறைக்க முடியாது என்பதே போதிய காரணம். அந்த வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வெறும் மழைநீர் மட்டும் வரவில்லை, மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெயும் கலந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்ததை அப்பகுதியில் அறியாதவர் இல்லை. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் அடியில் அதே கோடு தெரியக்கூடும். இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே காய்ந்த சேறு, மழை நாளில் ஏ.சி. போட்டதும் வரும் வாடை ஆகியவை சர்வீஸ் சென்டர் கழுவலில் போவதில்லை. உங்கள் கிளெய்ம் விவரம் காப்பீட்டு நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும். சர்வீஸ் பதிவேட்டிலும் இருக்கும்.

ஆகவே மறைக்காமல், செய்த வேலையின் பில்களை முன்வையுங்கள். எந்தெந்த மின்னணுப் பாகங்கள் மாற்றப்பட்டன, ஒயரிங் புதியதா, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்பட்டதா என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கும் வண்டி, "தண்ணீரே படவில்லை" என்று சொல்லப்படும் அறியாத வண்டியைவிட நம்பத்தக்கது. இருந்தாலும் விலை குறையும். உங்களைப் பொறுத்தவரை தனி மனிதரைத் தேடுவதைவிட, ஆய்வு செய்து வாங்கும் நிறுவனத்துக்கோ அங்கீகாரம் பெற்ற விற்பனையாளருக்கோ கொடுப்பதே சரி. வண்டியை மதிப்பிடத் தெரிந்தவரிடம் விற்றால், அடுத்த மழையில் சென்சார் பழுதானதும் உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டார்.

கேள்வி: சூலூர்பேட்டைக்காரர் ஒருவர் என் ஸ்விஃப்ட் டீசல் காருக்கு உள்ளூர்க்காரர்களைவிட நல்ல விலை தருகிறார். ஆந்திராவுக்கு விற்பதில் சிக்கல் உண்டா?
– வாசகர், மாதவரம்

பதில்: சிக்கல் இல்லை, கூடுதல் நடை உண்டு. படிவம் 28இல் விண்ணப்பித்து உங்கள் பதிவு அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். வண்டி மீது வரி பாக்கி, அபராதம், வழக்கு ஏதும் இல்லை என்பதைச் சரிபார்த்த பிறகே அது கிடைக்கும். வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்பவர் தெரிவிக்க வேண்டிய காலம் 45 நாள். வாங்குபவர் அங்கே புதிய எண் பெற்று அம்மாநில வரியையும் கட்ட வேண்டும் என்பதால், பலர் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டு டிஎன் எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கும்மிடிப்பூண்டி தாண்டி தினமும் இரு புறமும் போய்வரும் வண்டிகளில் இப்படிப்பட்டவை எத்தனையோ. அவர் தரும் நல்ல விலையில் ஒரு பகுதி இந்த வரியைத் தள்ளிப் போடும் எண்ணத்திலிருந்து வருகிறதா என்று பேசிப் பாருங்கள். தடையின்மைச் சான்று கைக்கு வந்த பின்னரே சாவியைக் கொடுப்பேன், அதுவரை முன்பணம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அதற்கு உடன்பட்டால் தாராளமாக விற்கலாம்.

கேள்வி: பழைய காரைக் கொடுத்துப் புதியது எடுத்தால் 25,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பழைய காருக்கு அவர்கள் போடும் விலையைக் கேட்காமல் போனஸை மட்டும் கேட்காதீர்கள். பழைய காரைக் கொடுக்காமல் புதியதை மட்டும் எடுத்தால் கடைசி விலை என்ன, கொடுத்து எடுத்தால் கையிலிருந்து போடவேண்டியது எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய காருக்கு அவர்கள் உண்மையில் கொடுக்கும் விலை. அதை வெளியில் கிடைக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். பத்து, பதினைந்தாயிரம் குறைவாக இருந்தாலும் ஒரே இடத்தில் வேலை முடிகிறது என்பதற்காக ஏற்கலாம். அதற்கு மேல் போனால் வெளியில் விற்பதே நல்லது.

கேள்வி: காரை விற்றுவிட்டேன். ஐந்து ஆண்டுகளாகக் கிளெய்ம் எதுவும் வாங்கவில்லை. அதற்காக இன்ஷூரன்ஸில் கிடைக்கும் போனஸ், காரை வாங்கியவருக்குப் போய்விடுமா? ஃபாஸ்டேக்கை என்ன செய்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நோ கிளெய்ம் போனஸ் வண்டியுடையது அன்று, உங்களுடையது. விற்பனைச் சான்றைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் அடுத்த கார் வாங்கினால், அதன் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை அது குறைத்துத் தரும். பாலிசி மட்டும் வாங்கியவர் பெயருக்கு மாறும். போனஸ் கழித்ததால் குறைந்திருந்த தொகையை அவர் கட்ட வேண்டியிருக்கும். அவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால், அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பாதுகாப்பு தொடர்ந்தாலும், தன் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு அவருக்கு எதுவும் கிடைக்காது. இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியின் செயலியில் இன்றே மூடச் சொல்லிக் கோரிக்கை வையுங்கள்; மீதிப் பணம் திரும்ப வரும். கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் கிழிக்காமல் விட்டிருந்தால், வாங்கியவர் அடுத்த முறை சுங்கச்சாவடியைக் கடக்கும்போது உங்கள் கணக்கில்தான் பிடித்தம் விழும்.